ஒரு போன் காலுக்காக ஒரு வழக்கு: மெடிகேர் அட்வான்டேஜ் நட்சத்திரங்கள் எதை அளக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன

2024 நவம்பர் 22 அன்று டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரின் ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதி ஜெரமி கெர்னோடில் ஒரு தீர்ப்பு சொன்னார். வழக்குப் போட்டது யுனைடெட் ஹெல்த்கேர், அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். எதிர்த்தரப்பு சி.எம்.எஸ்., அதாவது மெடிகேர் திட்டத்தை நடத்தும் மத்திய அரசு அமைப்பு. தகராறு ஒரே ஒரு போன் காலைப் பற்றியது. அந்தக் காலைத் தோல்வி என்று பதிவு செய்தது தவறு, அதை விலக்கிவிட்டு மறுபடி மதிப்பெண் கணக்கிடுங்கள் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

ஒரு காலுக்காகவா இவ்வளவு பெரிய கம்பெனி கோர்ட் படி ஏறியது என்று தோன்றும். அந்த ஒரு காலில் எவ்வளவு பணம் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

அமெரிக்காவில் 65 வயது ஆனவர்களுக்கு மெடிகேர் உண்டு. அரசிடமே நேரடியாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றில் சேரலாம். சேர்ந்தால் அந்த நபருக்காக அரசு மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். வைத்தியச் செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024-இல் இப்படிச் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 3.3 கோடி பேர், தகுதியுள்ளவர்களில் பாதிக்கும் மேல்.

இந்த ஏற்பாட்டில் உள்ள சிக்கல் யாருக்கும் புரியும். பணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. குறைவாகச் செலவழித்தால் மிச்சம் நிறுவனத்துக்கு. அப்படியானால் வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? அதற்காக வந்ததுதான் நட்சத்திர மதிப்பெண். ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை நட்சத்திரப் படிகளில். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், புதிதாகத் திட்டம் தேர்ந்தெடுக்கும் காலம் தொடங்கும் முன் வெளியாகும். சுமார் 40 இனங்களை, அதாவது விஷயங்களை, அளந்து, ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு, சராசரி எடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, மாத்திரையை விடாமல் வாங்குகிறார்களா, உறுப்பினர்கள் சர்வேயில் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் திட்டத்தை விட்டு விலகினார்கள் என்று போகும் பட்டியல்.

முதலில் இது மக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தகவலாக மட்டும்தான் இருந்தது. 2010-இன் ஒபாமா காலச் சட்டம் அதில் பணத்தைக் கட்டியது. நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்கினால், அந்தந்த கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) அரசு நிர்ணயித்த உச்சத் தொகையில் 5 சதவீதம் கூடுதல். சில கவுன்டிகளில் 10. அந்தத் தொகைக்குக் கீழே நிறுவனம் விலை கேட்டால் வித்தியாசத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அந்தப் பங்கும் நட்சத்திரத்தைப் பொறுத்து 50, 65, 70 சதவீதம் என்று ஏறும். பல் வைத்தியம், கண்ணாடி, ஜிம் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான். கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025-இல் போனஸ் மட்டும் குறைந்தது 1,270 கோடி டாலர். ஆக, மூன்றரைக்கும் நான்குக்கும் நடுவே உள்ள அரை நட்சத்திரம் ஒரு பெரிய திட்டத்துக்குப் பல கோடி டாலர்.

அந்தக் காலில் என்ன நடந்தது

சி.எம்.எஸ். ஆண்டுதோறும் நிறுவனங்களின் கால் சென்டர்களை வேவு பார்க்கும். திட்டத்தில் சேர விரும்புகிறவர் போல ஒருவர் போன் செய்வார். ஆங்கிலத்தில் அல்ல. ஸ்பானிஷ், கான்டனீஸ், மாண்டரின், வியட்நாமிய மொழி, பிரெஞ்சு, டகாலோக் ஆகிய ஆறில் ஏதாவது ஒன்றில் பேசுவார். எடுத்த ஊழியர் ஒரு மொழிபெயர்ப்பாளரை லைனில் கொண்டுவர வேண்டும். பிறகு சோதனை செய்பவர் ஒரு தொடக்கக் கேள்வி கேட்பார்: இந்தத் திட்டத்தின் பலன்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தானா? எட்டு நிமிடத்துக்குள் ஆமாம் என்ற பதில் வந்துவிட்டால் கால் வெற்றி. காது கேளாதவர்களுக்கான டி.டி.ஒய். லைனுக்கும் இதே மாதிரி தனிச் சோதனை உண்டு.

யுனைடெட் ஹெல்த்கேரின் வழக்கில் சிக்கலான காலில் சோதனை செய்தவர் அந்தத் தொடக்கக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எப்படித் தோல்வி போட முடியும் என்பது நிறுவனத்தின் வாதம். சி.எம்.எஸ். தானே எழுதிவைத்த விதிமுறையைத் தானே மீறிவிட்டது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. எனக்கும் அது நியாயமான தீர்ப்பாகத்தான் படுகிறது.

ஆனால் ஒரு கால் தவறினால் குடிமுழுகிப் போகும் நிலைமை எப்படி வந்தது? எல்லா நிறுவனங்களும் இந்தத் தேர்வுக்குப் பழகிவிட்டன. 2025-க்கான மதிப்பெண்ணில் இந்த இனத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்க நூற்றுக்கு நூறு தேவைப்பட்டது. எல்லாரும் 98, 99 வாங்கும் தேர்வில் யார் மேல், யார் கீழ் என்பதைத் தீர்மானிப்பது தரம் அல்ல, அன்று லைன் கட் ஆனதா இல்லையா என்பதுதான். போதாக்குறைக்கு இந்த இனத்துக்கு அப்போது எடை 4. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கே எடை 3-க்கு மேல் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான இனங்களில் எத்தனை சதவீதம் எடுத்தால் எத்தனை நட்சத்திரம் என்ற எல்லைக்கோடு முன்கூட்டியே தெரியாது. எல்லாத் திட்டங்களின் முடிவும் வந்த பிறகு, அவை எங்கெங்கே கொத்துக்கொத்தாகக் குவிந்திருக்கின்றன என்று பார்த்துக் கோடு போடுவார்கள். போன ஆண்டு எடுத்த அதே மதிப்பெண்ணை இந்த ஆண்டும் எடுத்து ஒரு நட்சத்திரம் இறங்கலாம்.

ஹியுமானா என்ற இன்னொரு காப்பீட்டு நிறுவனத்துக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான். 2024 அக்டோபர் 2 அன்று அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. அதன் உறுப்பினர்களில் 94 சதவீதம் பேர் நான்கு நட்சத்திரத் திட்டங்களிலோ அதற்கு மேலோ இருந்தார்கள். புது மதிப்பெண்ணில் அது சுமார் 25 சதவீதமாக விழுந்துவிட்டது. காரணம் பெரும்பாலும் அரசோடு போட்ட ஒரே ஒரு ஒப்பந்தம், பல திட்டங்கள் அடங்கியது. எச்5216 என்ற எண் கொண்ட அதில் மட்டும் ஹியுமானாவின் மெடிகேர் அட்வான்டேஜ் உறுப்பினர்களில் சுமார் 45 சதவீதம் பேர் இருந்தார்கள். அது நாலரையிலிருந்து மூன்றரைக்கு இறங்கியது. சில இனங்களில் மயிரிழையில் எல்லைக்கோட்டைத் தவறவிட்டோம் என்றது நிறுவனம். அன்றே ஷேர் விலை 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஹியுமானாவும் கோர்ட்டுக்குப் போனது. அங்கேயும் தகராறு சோதனைக் கால்கள்தான். முதலில் அரசு அமைப்புக்குள்ளேயே மேல்முறையீட்டை முடித்துவிட்டு வாருங்கள் என்று 2025 ஜூலையில் திருப்பி அனுப்பினார் நீதிபதி ரீட் ஓ'கானர். முடித்துவிட்டு வந்தார்கள். அக்டோபரில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது.

எலிவன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கு இன்னும் விசேஷம். அதன் ஒரு ஒப்பந்தத்தின் கணக்கு 3.749565 என்று வந்தது. 3.75 வந்திருந்தால் நான்கு என்று மேலே ஏற்றியிருப்பார்கள், வராததால் மூன்றரை. இதனால் 37.5 கோடி டாலர் நஷ்டம் என்றது நிறுவனம். இங்கேயும் குற்றம்சாட்டப்பட்டது ஒரு சோதனைக் கால்தான். எலிவன்ஸ் தோற்றது.

இந்த வழக்குகளைத் தொடர்ந்து படித்தபோது எனக்கு உறுத்தியது தசம இலக்கங்கள் அல்ல. அளவு என்று வந்தால் எங்கோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், கோட்டுக்குக் கீழே யாராவது நின்றுதான் ஆக வேண்டும். உறுத்தியது, எந்த விஷயத்தில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறார்கள் என்பதுதான்.

மாத்திரை டப்பாவும் வரைபடமும்

கால் சென்டர் ஒரு மூலை. பட்டியலின் கனமான இனங்களுக்கு வருவோம். மருந்தை விடாமல் எடுக்கிறார்களா என்பதற்கு மட்டும் மூன்று இனங்கள்: கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் எடை 3. இதை எப்படி அளக்கிறார்கள்? மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்று யாரும் பார்க்க முடியாது. மருந்துக்கடையிலிருந்து வந்த கிளெய்மைப் பார்ப்பார்கள். ஆண்டில் 80 சதவீத நாட்களுக்காவது கையில் மருந்து இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது அறிவுள்ள அளவுதான். மருந்தே வாங்காதவர் சாப்பிட்டிருக்க வழியில்லை. ஆனால் எடை மூன்று என்று ஆனவுடன் நிறுவனங்கள் முதலில் செய்தது 30 நாள் மருந்துக்குப் பதில் 90 நாள், 100 நாள் மருந்தாகக் கொடுக்கச் சொன்னது. ஒரே தடவையில் மூன்று மாதம் கணக்கில் ஏறிவிடும். வீட்டுக்குத் தானாக வந்து சேரும் தபால் மருந்துக்கடையும் இதில் சேர்ந்துகொண்டது. முதியவருக்கு இது உண்மையிலேயே வசதி, மறுக்கவில்லை. ஆனால் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கும் டப்பாவும் இதில் முழு மதிப்பெண் வாங்கும். மறுபக்கம், சூப்பர் மார்க்கெட் மருந்துக்கடையில் இன்சூரன்ஸ் கார்டைக் காட்டாமல் மலிவாகக் காசு கொடுத்து வாங்கி ஒரு நாள் விடாமல் சாப்பிடும் மனிதர் இந்தக் கணக்கில் மருந்தை விட்டவர்.

அப்புறம், யாரை அளக்கிறார்கள் என்ற கேள்வி. நட்சத்திரம் ஒப்பந்தத்துக்குத்தான், ஊருக்கு அல்ல. எச்5216 மாதிரியான ஓர் ஒப்பந்தத்துக்குள் பல மாநிலங்களில் உள்ள திட்டங்கள் இருக்கும். ஓர் ஊரில் நல்ல ஆஸ்பத்திரிகளோடு தொடர்பு, இன்னோர் ஊரில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காத நிலை என்றாலும் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இணையதளத்தில் தெரிவது ஒரே எண். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் குழு இதைப் பல ஆண்டுகளாகக் குறை சொல்லி வருகிறது. உள்ளூர் அளவில் மதிப்பிடும் வேறொரு முறைக்கு மாறுங்கள் என்று 2020-இல் பரிந்துரையே செய்தது.

இந்த ஓட்டையை நிறுவனங்கள் பயன்படுத்தாமல் இல்லை. மூன்று நட்சத்திர ஒப்பந்தத்தை நான்கு நட்சத்திர ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுவார்கள். மிஞ்சுவது நான்கு நட்சத்திர ஒப்பந்தத்தின் எண். ஒரு நோயாளியின் வைத்தியமும் மாறாமல், ராத்திரியோடு ராத்திரியாக லட்சக்கணக்கானவர்கள் போனஸ் திட்டத்துக்கு வந்துவிடுவார்கள். 2018-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு, இணைத்தால் உறுப்பினர் எண்ணிக்கைப்படி இரண்டின் சராசரி என்று ஆக்கிய பிறகுதான் இது அடங்கியது. அரசும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. சட்டப்படி நான்கு நட்சத்திரத்துக்குத்தான் போனஸ் என்றிருக்க, 2012-இலிருந்து மூன்று ஆண்டுகளுக்குச் சோதனை முயற்சி என்ற பெயரில் மூன்று நட்சத்திரத்துக்கும் கொடுத்தார்கள். 835 கோடி டாலர் செலவாகும், இதை ரத்து செய்யுங்கள் என்று அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. சொன்னது. ரத்து செய்யவில்லை.

மறுப்புக் கடிதம் எந்த வரிசையில்?

இன்சூரன்ஸ் வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும், அவருடைய முதல் பயம் கால் சென்டர் அல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கம்பெனி முடியாது என்று சொல்லிவிடுமோ என்பதுதான். மெடிகேர் அட்வான்டேஜில் ஸ்கேன், ஆபரேஷன், ஆபரேஷனுக்குப் பிறகு மறுவாழ்வு மையத்தில் சேர்வது என்று பலவற்றுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2022 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 15 பெரிய நிறுவனங்கள், 2019 ஜூன் முதல் வாரம். அந்த ஒரே வாரத்தில் மறுக்கப்பட்டவற்றிலிருந்து மாதிரி எடுத்து டாக்டர்களையும் நிபுணர்களையும் வைத்துப் படித்துப் பார்த்தார்கள். மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை. அதில் ஒன்று: அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி, புற்றுநோயா இல்லையா என்று தெரிய மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டி சின்னதுதான், ஓர் ஆண்டு பொறுத்து எடுக்கலாம் என்று மறுத்தது நிறுவனம். மெடிகேர் விதியில் அப்படி ஒரு காத்திருப்பு கிடையாது. மேல்முறையீடு செய்த பிறகு அனுமதித்தார்கள்.

இந்த மறுப்பு நட்சத்திரத்தில் எங்கே பதிவாகும்? மேல்முறையீட்டுக்கென்றே இரண்டு இனங்கள் பட்டியலில் இருந்தன, இருக்கின்றன. அங்கே தெரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த இரண்டும் பார்ப்பது வெளி மறுஆய்வு அமைப்புக்குப் போன வழக்குகளை மட்டும்: குறித்த நேரத்தில் அனுப்பினீர்களா, உங்கள் முடிவை அந்த அமைப்பு சரி என்றதா. மேல்முறையீட்டில் நிறுவனம் தானே மனம் மாறி அனுமதித்துவிட்டால் கோப்பு வெளியே போகாது. எம்.ஆர்.ஐ. மறுத்தது, நோயாளி அலைந்தது, கடைசியில் கொடுத்தது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

இப்படி எத்தனை நடக்கின்றன? கே.எஃப்.எஃப். தொகுத்த தரவின்படி 2023-இல் கிட்டத்தட்ட 5 கோடி முன் அனுமதிக் கோரிக்கைகள். முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டவை 32 லட்சம். அதில் மேல்முறையீடு செய்தவர்கள் 11.7 சதவீதம் பேர். அப்படிச் செய்ததில் 81.7 சதவீதம் வழக்குகளில் மறுப்பு முழுதாகவோ பகுதியாகவோ மாற்றப்பட்டது. கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குக் கொடுக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் கேட்பதே இல்லை.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டில் கூடுதல் ஆவணம் வந்தது, அதனால் முடிவு மாறியது என்பார்கள். பல சமயம் அது உண்மை. டாக்டர் ஆபீசில் பாதிக் காகிதத்தோடு அனுப்புவது அமெரிக்காவிலும் உண்டு. நட்சத்திரத்தில் மறுப்பின் நிழலே விழாது என்றும் சொல்ல முடியாது. தேவையான வைத்தியம் சுலபமாகக் கிடைத்ததா என்று சர்வேயில் ஒரு கேள்விக் கொத்து இருக்கிறது, புகார்களின் எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டிலும் பெரிய வைத்தியம் தேவைப்படுகிறவர்கள் சிறுபான்மை. சர்வேக்குப் பதில் எழுதும் பெரும்பாலோருக்கு அந்த ஆண்டு டாக்டர் விசிட்டும் ரத்தப் பரிசோதனையும்தான். அவர்கள் திருப்தியாகத்தான் இருப்பார்கள். மறுவாழ்வு மையத்தில் பத்தாம் நாளே அனுமதி நிறுத்தப்பட்டவரின் குரல் அந்தச் சராசரியில் கேட்காது.

பணத்தோடு சேர்த்துக் கட்டிய அளவு நிறுவனத்தை யாருக்குப் பதில் சொல்ல வைக்கிறது என்று இந்த வழக்குகளில் தெளிவாகவே தெரிகிறது. ஒரு கால் தவறாகப் பதிவானால் நிறுவனத்துக்குக் கோர்ட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், காலின் ரெக்கார்டிங் இருக்கிறது. நியாயமும் கிடைக்கிறது, சில சமயம். நோயாளிக்கும் மேல்முறையீடு, வெளி மறுஆய்வு, நீதிபதி என்று ஐந்து படிகள் காகிதத்தில் உண்டு. முதல் படியிலேயே பத்தில் ஒன்பது பேர் ஏறுவதில்லை. தோற்கும் நிறுவனம் இழப்பது போனஸ். தோற்கும் நோயாளி இழப்பது எம்.ஆர்.ஐ.

கொஞ்சம் மாற்றம் நடக்கிறது. 2024 ஜனவரியில் வந்த விதிப்படி, 2026 முதல் சாதாரண முன் அனுமதிக்கு 7 நாளுக்குள், அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணம் கொடுக்க வேண்டும். எத்தனை ஏற்றோம், எத்தனை மறுத்தோம், மேல்முறையீட்டில் எத்தனை மாற்றினோம் என்ற எண்களை ஆண்டுதோறும் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். இந்த எண்களுக்கு நட்சத்திரமும் இல்லை, போனஸும் இல்லை. 2025 நவம்பரில் சி.எம்.எஸ். நிர்வாகம் சார்ந்த பல இனங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தது. எல்லாரும் நூறு வாங்கும் தேர்வை நிறுத்துவதில் தப்பில்லை. காலியாகும் இடத்தில் மறுப்பு விகிதத்தை வைப்பார்களா என்பதுதான் என் கேள்வி. வைக்கும் உத்தேசம் எதுவும் அந்த முன்மொழிவில் எனக்குத் தென்படவில்லை.

அமெரிக்காவில் பெற்றோரை வைத்திருக்கும் தமிழர்களுக்கு இதில் நேரடியான சங்கதி ஒன்று உண்டு. கிரீன் கார்டோடு வந்து தொடர்ந்து ஐந்து ஆண்டு இருந்த 65 வயதுக்காரர் மெடிகேரைக் காசு கொடுத்து வாங்கலாம். அப்புறம் அட்வான்டேஜ் விளம்பரங்கள் தபாலில் குவியும். மேலே சொன்ன ஆறு சோதனை மொழிகளில் தமிழ் இல்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை தமிழுக்கும் உண்டு, ஆனால் தமிழில் அழைத்தால் என்ன ஆகும் என்று யாரும் அளந்து நட்சத்திரம் போட்டதில்லை. அக்டோபர் 15-க்கும் டிசம்பர் 7-க்கும் நடுவே திட்டம் தேடும்போது அதன் கால் சென்டர் எண்ணுக்கு அம்மாவையே பேசச் சொல்லிப் பாருங்கள். மெடிகேர் இணையதளத்தில் மொத்த நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் அதன் உள்ளே போனால் ஒவ்வொரு இனத்துக்கும் தனி மதிப்பெண் இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் முன் அனுமதி எண்களைத் தேடுங்கள். அம்மாவின் இதய டாக்டரும் அவர் ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியும் அந்தத் திட்டத்தில் இருக்கிறார்களா என்பதைத் திட்டத்தின் பட்டியலை நம்பாமல், டாக்டர் ஆபீசுக்கே போன் போட்டு, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.